விதியும் உருவமும்

ஒரு விளையாட்டு கலையாக முடியுமா என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவிடலாம். புகைப்படத்தைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. யாரும் பதில் சொல்லித் தீர்க்கவில்லை, கேட்டவர்கள் ஓய்ந்துபோனார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரு கலைக்கு அதற்கேயான சாதனம் எது? கவிதைக்குச் சொல். சினிமாவுக்கு அசையும் பிம்பமும் அதை வெட்டி இணைக்கும் முறையும். விளையாட்டுக்கு எது? கம்ப்யூட்டர் திரையில் காணும் சித்திரங்கள் ஓவியத்திடமிருந்தும் சினிமாவிடமிருந்தும் வந்தவை. கதை, நாவலிடம் வாங்கிய கடன். இவற்றையெல்லாம் கழித்துவிட்டாலும் சதுரங்கம் சதுரங்கமாகவே இருக்கிறது. மீந்து நிற்பது விதி. இன்னது செய்யலாம், இன்னது கூடாது, இன்னது செய்தால் இன்னது நேரும் என்ற ஏற்பாடு. ஆடுகிறவன் அந்த ஏற்பாட்டுக்குள் புகுந்து தானே செயல்படும்போதுதான் அங்கு அனுபவம் பிறக்கிறது.

விதியே இந்தக் கலையின் உருவம், அந்த உருவத்துக்குள்ளேயே ஒரு பார்வை, ஒரு வாதம், ஒரு குற்றச்சாட்டுகூட இருக்கமுடியும் – இதைக் கண்டுகாட்டியவர்கள் பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ, விற்குமா என்று பார்க்காமல் வேலை செய்தவர்கள். அவர்களுடைய சரித்திரத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் இங்கு பின்தொடர்கிறேன்.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது இதற்கு உதவுகிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் இரண்டு அர்த்தமும் ஒன்றாகிவிடுகின்றன. அதில் ஆடுகிறவன் எந்த முடிவும் எடுப்பதில்லை. தாயம் விழுகிறபடி ஏறுகிறான், பாம்பின் வாயில் விழுகிறான், மறுபடி ஏறுகிறான். 'உன் கையில் எதுவுமில்லை, ஆனாலும் ஆடித் தீரவேண்டும்' என்பதைப் பலகையில் எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆட்டத்தின் ஏற்பாடே அதைச் சொல்கிறது. இந்த விளையாட்டின் இந்திய வடிவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், காலப்போக்கில் பாவ புண்ணியங்களை உதறிவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாகி, குழந்தைகள் அறைக்குப் போய்ச்சேர்ந்தன. விதிகள் அப்படியே இருந்தன. விதிகளுக்குப் பின்னால் நின்ற பார்வை மட்டும் கழன்றுவிட்டது.

பரமபதத்தை யார் செய்தார் என்பதில்லை. ஒரு தனி மனித மூளை, தன் கருத்தொன்றைச் சொல்லவே விதிகளை எழுதியதற்கு நாம் அறிந்த தெளிவான உதாரணம் 1904-ல் கிடைக்கிறது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண், தொழிலால் சுருக்கெழுத்தாளர். நிலம் சமூகத்துக்குச் சொந்தமானது, நிலத்தின் மீது மட்டும் வரி போதும் என்று வாதிட்ட ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கொள்கையில் பற்று உள்ளவர். அந்தக் கொள்கையை விளக்கப் பிரசுரம் எழுதுவதோடு நிற்காமல் ஒரு பலகை விளையாட்டு செய்து 'நிலச்சுவான்தார் விளையாட்டு' என்று பொருள்படும் பெயரில் அவ்வாண்டு ஜனவரியில் காப்புரிமை பெற்றார். சுற்றிச் சுற்றி வரும் பாதை, விலைக்கு வாங்கும் மனைகள், அடுத்தவன் மனையில் கால் வைத்தால் வாடகை. நம் வீடுகளில் 'பிஸினஸ்' என்ற பெயரில் பம்பாயையும் மதராஸையும் வாங்கி விற்று ஆடியது இதன் வழிவந்ததுதான்.

மேகி இதற்கு இரண்டு விதித்தொகுதிகள் வகுத்தார். ஒன்றில், மற்றவர்களை ஓட்டாண்டியாக்கி எல்லாவற்றையும் கைப்பற்றுகிறவன் ஜெயிக்கிறான். மற்றதில், செல்வம் உருவாகும்போதெல்லாம் எல்லோருக்கும் பங்கு. மிகக் குறைந்த பணத்தோடு தொடங்கியவனின் கையிருப்பு இரட்டிப்பாகும்போது எல்லோருமே ஜெயிக்கிறார்கள். அதே பலகை, அதே காய்கள். இரண்டையும் ஆடிப்பார்க்கிறவன் தன் குணம் விதியோடு சேர்ந்து மாறுவதைத் தானே கண்டுகொள்வான் என்பது அவர் கணக்கு. பாத்திரமோ வசனமோ இல்லாமல், விதியை மாற்றுவதன் மூலமே ஒரு சமூக விமர்சனம். இதைச் சோதனைப் படைப்பு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

பிறகு நடந்தது தெரிந்த கதை. முப்பது ஆண்டுகள் இந்த விளையாட்டு கல்லூரி விடுதிகளிலும் க்வேக்கர் குடும்பங்களிலும் கையால் பலகை வரைந்து ஆடப்பட்டுப் பரவியது. அட்லாண்டிக் சிட்டியில் தங்கள் தெருப்பெயர்களை அதில் எழுதிக்கொண்டார்கள். அந்த வடிவத்தை ஒரு வீட்டில் ஆடிப்பார்த்த சார்ல்ஸ் டாரோ அதைத் தன் கண்டுபிடிப்பாக விற்க, பார்க்கர் பிரதர்ஸ் 1935-ல் 'மொனாபலி' என்று வெளியிட்டது. மேகியின் காப்புரிமையையும் அதே ஆண்டு 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது, விற்பனையில் பங்கு கிடையாது. உலகம் முழுவதும் போனது முதல் விதித்தொகுதி மட்டும். இரண்டாவது மறைந்தது. ஏகபோகத்தைக் கண்டிக்கச் செய்த விளையாட்டு, ஏகபோகத்தைக் கொண்டாடும் விளையாட்டாகிவிட்டது.

2

கம்ப்யூட்டர் விளையாட்டின் தொடக்கமும் சந்தைக்கு வெளியில்தான். 1962-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' செய்தார்கள். இரண்டு விண்கலங்கள், நடுவில் இரண்டையும் தன்பால் இழுக்கும் ஒரு நட்சத்திரம். அது ஓடிய பிடிபி-1 எந்திரத்தின் விலை 1,20,000 டாலர். விளையாட்டுக்கு விலையே இல்லை. அந்த எந்திரம் இருந்த இடங்களுக்கெல்லாம் அது கைமாறிக் கைமாறிப் போனது.

பத்தாண்டுகளில் அது தொழிலாயிற்று. தொழிலானதும் முதலில் காணாமல்போனது செய்தவன் பெயர். அடாரி கம்பெனியில் ஒரு விளையாட்டை ஒருவரே முழுக்க எழுதுவார். பெட்டியில் அவர் பெயர் இராது. வாரன் ராபினெட் என்பவர் 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டை 1979-ல் எழுதி முடித்தபோது, ஒற்றைப் புள்ளி அளவே உள்ள ஒரு பொருளைக் கண்டெடுத்துச் சுமந்து சென்றால் மட்டுமே திறக்கும் ஒரு ரகசிய அறையை அதில் வைத்தார். அறைக்குள் இருந்தது அவர் பெயர். கம்பெனிக்குத் தெரியாது, தெரியவந்தபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். சிற்பி தூணின் பின்புறத்தில் தன் பெயரைச் செதுக்கிவைத்த மாதிரி. ஆனால் இங்கு கவனிக்கவேண்டியது, அந்தக் கையெழுத்தும் விதியின் மொழியிலேயே இடப்பட்டது என்பதுதான். தேடி, சுமந்து, கடந்து வருகிறவனுக்கே அது கிட்டும்.

அந்தத் தொழில் 1983-ல் அமெரிக்காவில் சரிந்தது. முந்தைய ஆண்டின் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக 'ஈ.டி.' சினிமாவை ஒட்டிய விளையாட்டை ஒரே மனிதரிடம் கொடுத்து ஐந்து வாரத்தில் முடிக்கச்சொன்னார்கள். விற்காத பிரதிகளை நியூ மெக்ஸிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டி எடுத்தபோது அவை அங்கேயே இருந்தன. பிற்பாடு நிகழ்ந்தவற்றோடு ஒப்பிட இதை நினைவில் வைக்கலாம். அவசரமாகச் செய்ததால் அது சீரழியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து ஐந்து வாரத்தைவிடக் குறுகிய அவகாசத்தில் நல்ல விளையாட்டுகள் செய்யப்பட்டன. என்ன செய்வது என்பதை வேறு யாரோ முன்பே தீர்மானித்துவிட்டதுதான் கோளாறு.

இடிபாடுகளுக்கு நடுவே ஒரு குரல். அடாரியில் வேலைபார்த்த கிறிஸ் கிராஃபோர்ட் 1984-ல் கம்ப்யூட்டர் விளையாட்டின் கலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அடுத்த ஆண்டு 'பேலன்ஸ் ஆஃப் பவர்' செய்தார். அமெரிக்க, சோவியத் தலைவர்களில் ஒருவராக நாம் இருந்து எட்டாண்டுக் காலம் அணுயுத்தம் வராமல் தள்ளவேண்டும். மிரட்டலாம், விட்டுக்கொடுக்கலாம். மிரட்டல் எல்லை மீறி யுத்தம் மூண்டுவிட்டால் திரை கறுத்துவிடும். குண்டு வெடிக்கும் காட்சி கிடையாது. தோல்விக்குப் பரிசாக வேடிக்கை காட்டமாட்டோம் என்ற வாசகம்தான் தோன்றும். எல்லா விளையாட்டுகளும் வெடிப்பைக் காட்டிப் பிழைத்த காலத்தில் இந்த மறுப்பு ஒரு தார்மீக நிலை.

1988-ல் கிராஃபோர்ட், விளையாட்டு செய்கிறவர்கள் 27 பேரைத் தன் வீட்டுக் கூடத்தில் கூட்டிப் பேசவைத்தார். அந்தக் கூட்டம் ஆண்டுதோறும் வளர்ந்து, ஆயிரக்கணக்கானவர்கள் வரும் தொழில்மாநாடாயிற்று. 2002-ல் அந்த மாநாட்டிலேயே 'சோதனை விளையாட்டு'களுக்கென்று ஜோனதன் ப்ளோ தனியாக ஓர் அமர்வு தொடங்கவேண்டியிருந்தது. கூடத்தில் தொடங்கியது மண்டபமாகி, மண்டபத்தில் ஒரு மூலை தேடவேண்டி வந்தது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

3

2002 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஓக்லண்டில் பதினைந்துக்கும் குறைவான புரோகிராம்காரர்கள் நான்கு நாள் ஒன்றாகத் தங்கி விளையாட்டுகள் செய்தார்கள். பொது நிபந்தனை ஒன்றே: திரையில் ஒரே சமயத்தில் ஒரு லட்சம் உருவங்கள் வரை நடமாடவைக்க முடிந்தால் என்னவெல்லாம் செய்யலாம்? 2005-ல் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் நால்வர் இன்னும் கறாரான நிபந்தனை விதித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விளையாட்டும் ஏழு நாளுக்குள் முடியவேண்டும். சித்திரம், ஒலி, புரோகிராம் எல்லாம் ஒரே ஆள். ஈர்ப்பு, தாவரம், மந்தை என்று ஏதாவதொரு பொருளைச் சுற்றி அமையவேண்டும். ஒரு பருவத்தில் ஐம்பதுக்கு மேல் செய்தார்கள். பெரும்பாலானவை தோல்வி. ஏழு நாளில் தோற்பதற்கு அதிகம் செலவில்லை. மூன்றாண்டு உழைப்பையும் லட்சக்கணக்கான டாலர்களையும் போட்டவன் தோற்கத் துணியமாட்டான்; தோற்கத் துணியாதவனால் புதிய விதி எழுத முடியாது. வெண்பாவின் தளையைப்போல இந்த நிபந்தனைகளும் நெருக்கிக்கொண்டே வழிவிட்டன.

2007-ல் இரண்டு முக்கியமான விளையாட்டுகள் வந்தன. ராட் ஹம்பிள் பெரிய நிறுவனம் ஒன்றில் உயர்பதவியில் இருந்துகொண்டே தனியாகச் செய்த 'த மேரேஜ்' முதலாவது. ஒரு நீலச் சதுரம், ஒரு இளஞ்சிவப்புச் சதுரம், மிதந்துபோகும் வட்டங்கள். சதுரங்கள் நெருங்கும், விலகும், வளரும், சிறுக்கும், வெளிறும். இரண்டில் ஒன்று மறைந்தால் ஆட்டம் முடிந்தது. விதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்த நேர்மையான முயற்சி. ஆனால் தலைப்பை எடுத்துவிட்டால் திருமணம் போய்விடுகிறது. ஹம்பிளே ஒரு விளக்கவுரை எழுதவேண்டியிருந்தது. உருவம் மட்டுமே எஞ்சும் இடத்தில் உருவமும் ஊமையாகிவிடும் என்பதற்கு நம் புதுக்கவிதையிலும் சாட்சிகள் உண்டு.

ஜேஸன் ரோரரின் 'பாஸேஜ்' அந்தத் தவறைச் செய்யவில்லை. ஐந்தே நிமிடம். படம் 100 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒரு நீண்ட கீற்று, அவ்வளவுதான். ஒரு சின்ன மனிதன் இடமிருந்து வலமாக நடக்கிறான். வழியில் ஒரு பெண். அவளைத் தொட்டால் இருவரும் சேர்ந்து நடப்பார்கள். கீழே தடைகளுக்கு நடுவே புதையல் பெட்டிகள். தனி ஆள் நுழையும் சந்தில் இருவர் நுழையமுடியாது. ஆனால் இருவராகப் புதிய இடம் காணும்போது புள்ளிகள் இரட்டிப்பு. நடக்க நடக்கத் தலை நரைக்கும், நடை தளரும். அவள் முதலில் இறப்பாள். பிறகு இவன். எவ்வளவு புள்ளி சேர்த்திருந்தாலும் முடிவு அதே கல்லறை.

உடனிருப்பின் லாபமும் இழப்பும் என்று இதை ஒரு கட்டுரையில் எழுதினால் சாதாரண விஷயம். ஆனால் எட்டிப்பார்த்தால் தெரியும் பெட்டியின் முன் போய் நின்று, அவள் உடனிருப்பதால் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் திரும்பும்போது அந்த எரிச்சல் ஆடுகிறவனுடையது. எரிச்சலுக்கு வெட்கப்படுவதும் அவனே. நாவலில் பாத்திரம் வெட்கப்படும், நாம் பார்ப்போம். இங்கு இடையில் ஆளில்லை. ரோரர் இதை இலவசமாகக் கொடுத்து எந்த உரிமையும் வைத்துக்கொள்ளவில்லை. 2012-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முறையாகப் பதினான்கு விளையாட்டுகளைச் சேர்த்துக்கொண்டபோது அவற்றில் இதுவும் ஒன்று.

4

ஆடுகிறவனை விதிக்குள் இழுத்துவிட்டால் அவனை உடந்தையாக்கவும் முடியும். 2009-ல் பிரெண்டா பிராத்வெய்ட் – பிற்பாடு பிரெண்டா ரொமெரோ – செய்த 'ட்ரெய்ன்' இதன் எல்லைக்குப் போனது. 1981 முதல் கம்ப்யூட்டர் விளையாட்டுத் தொழிலில் இருந்தவர், இதைக் கம்ப்யூட்டரே இல்லாமல் செய்தார். உடைந்த கண்ணாடியுள்ள ஜன்னல் சட்டம் ஒன்றின் மீது தண்டவாளங்கள். மஞ்சள் நிறக் குட்டி மர உருவங்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சீட்டுகளின்படி ரயிலை நகர்த்திக் கடைசி நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அதிகம் பேரை வேகமாகச் சேர்க்கிற முனைப்பில் ஆடுவார்கள். ரயில் போய்ச்சேர்ந்த பிறகு ஒரு சீட்டைப் புரட்டினால் ஊர்ப்பெயர்: ஆஷ்விட்ஸ்.

உலகத்தில் இதற்கு ஒரே பிரதி. விற்பனைக்கு இல்லை. விதிகள் நாஜிக் காலத்துத் தட்டச்சு எந்திரத்தில் அடிக்கப்பட்டவை. ஊர்ப்பெயர் தெரிந்ததும் சிலர் அழுதிருக்கிறார்கள். முன்பே ஊகித்தவர்கள் ரயிலைத் தடம்புரட்டவும் ஆட்களை ஒளித்துக் காப்பாற்றவும் முயன்றிருக்கிறார்கள். விதிகள் அதற்கு இடம்விடுகின்றன. எவ்வளவு தூரம் என்பதை எழுதாமல் விட்டிருக்கின்றன. கொடுத்த விதியை எதற்கு என்று கேட்காமல் திறமையாக நிறைவேற்றினாயே என்பதுதான் இந்த விளையாட்டின் ஒரே குற்றச்சாட்டு. சரித்திரப் புத்தகத்தைப் படித்துவிட்டு 'நானாயிருந்தால்' என்று பேசும் சௌகரியத்தை இது பறித்துவிடுகிறது.

2013-ல் லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' இதே கேள்வியைத் தினசரி வேலைக்கு இறக்குகிறது. கற்பனைக் கம்யூனிஸ நாடு, 1982-ம் ஆண்டு, எல்லைச் சாவடி. நாம் அங்கு குமாஸ்தா. வருகிறவர்களின் தாள்களைச் சரிபார்த்து அனுமதி அல்லது மறுப்பு முத்திரை குத்தவேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து. ஒரு கணவனுக்குத் தாள்கள் சரியாயிருக்கும். பின்னால் நிற்கும் மனைவிக்கு ஒரு சீட்டு குறையும். பகலெல்லாம் கவுண்டரில் கையெழுத்தும் முத்திரையும் ஒத்துப்பார்க்கிறவன் நான். அந்தப் பரபரப்பும் மரத்துப்போதலும் எவ்வளவு துல்லியமாக விதிகளில் பிடிபட்டிருக்கின்றன என்று என்னால் சொல்லமுடியும். ஆனால் இதன் உச்சம் அதிகம் பேசப்படாத ஒரு சின்ன விதி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும்; மூன்றாவதிலிருந்து அபராதம். ஆகவே இரக்கத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு என்று ஒதுக்கீடு ஆகிவிடுகிறது. அந்த இரண்டைத் தன் கவனக்குறைவிலேயே செலவழித்துவிட்டவன், மூன்றாவதாக வருகிற மனைவியைத் திருப்பி அனுப்புகிறான். கொடூரன் என்பதால் அல்ல, கணக்கு இடிக்கிறது என்பதால். அதிகார அமைப்பைப் பற்றி இவ்வளவு கூர்மையான வாக்கியத்தை நான் அதிகம் படித்ததில்லை. இது வாக்கியமாகவும் இல்லை.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களுக்கும் வழி திறந்தது. கிறிஸ் க்லிமாஸ் 2009-ல் இலவசமாகக் கொடுத்த 'ட்வைன்' என்ற சாதனத்தால் எழுத்தும் தேர்வுகளும் மட்டும் கொண்ட விளையாட்டை யாரும் செய்யலாம். அதில் வந்தவற்றில் 2013-ன் 'டிப்ரெஷன் க்வெஸ்ட்' ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யலாம் என்ற பட்டியல் வரும். 'நண்பனைக் கூப்பிட்டு மனம்விட்டுப் பேசு' என்ற மாதிரியான நல்ல வழி மேலே இருக்கும் – கோடு போட்டு அடித்து. படிக்கலாம், தேர்ந்தெடுக்க முடியாது. நோய் முற்ற முற்ற அடித்த வரிகள் கூடும். மனச்சோர்வு என்பது வழி தெரியாமை அல்ல, தெரிந்த வழியில் போக முடியாமை என்பது ஒரு கோட்டில் வந்துவிட்டது.

5

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். போப்பின் விளையாட்டு 2023-க்குள் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றது. கார்னகி மெலனில் ஒரு வாரத்தில் செய்யப்பட்ட ஒன்று 2008-ல் 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்ற வெற்றிப்பொருளாயிற்று. ஜோனதன் ப்ளோவின் 'ப்ரெய்ட்' அதே ஆண்டு வந்து, தனியாளும் சம்பாதிக்கலாம் என்று காட்டியது. இதில் வருந்த ஒன்றுமில்லை. படைப்பாளி பட்டினி கிடந்தால்தான் படைப்பு என்பது சோம்பேறிகளின் சித்தாந்தம். ஆனால் 'சுயேச்சை' என்ற சொல் விரைவிலேயே ஒரு மோஸ்தரின் பெயராயிற்று. பழங்காலப் புள்ளிச் சித்திரம், மெல்லிய பியானோ, இறந்துபோன மனைவியை நினைக்கும் கதாநாயகன் – விதிகளோ இருபது ஆண்டுப் பழையவை. 'பாஸேஜ்' புள்ளிகளால் ஆனது என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சந்து ஏன் குறுகலாயிருந்தது என்று யோசிக்கவில்லை. வரிகளை உடைத்துப்போட்டால் புதுக்கவிதை என்று நம்பியவர்களின் தம்பிகள் இவர்கள்.

ஸ்டீம் என்ற பெரிய கடை 2017-ல் நூறு டாலர் கட்டுகிற எவருக்கும் கதவைத் திறந்தது. இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுகள் அங்கு வருகின்றன. முன்பு காப்பாளன் தடுத்தான். இப்போது கூட்டம் மறைக்கிறது. விலையைச் செய்தவரே நிர்ணயிக்கும் இட்ச் என்ற சின்னக் கடையில், 2025 ஜூலையில், பணப் பட்டுவாடா நிறுவனங்களின் நெருக்கடியால் பாலியல் உள்ளடக்கம் கொண்டவை அனைத்தையும் ஒரே அடியாகத் தேடலிலிருந்து நீக்கினார்கள். அவற்றில் கேவலமானவையும் இருந்தன, தீவிரமானவையும் இருந்தன. பிரித்துப்பார்க்க யாருக்கும் அவகாசமில்லை. பணம் போகும் குழாயை வைத்திருக்கிறவனும் தணிக்கை அதிகாரியாகலாம் என்பது வங்கியில் இருப்பவனுக்கு ஆச்சரியமில்லை, கவலைக்குரியதுதான்.

இதைவிட மௌனமான அழிவு ஒன்று உண்டு. சோதனை விளையாட்டுகளில் ஒரு பெரும்பகுதி ஃப்ளாஷ் என்ற சாதனத்தில் செய்யப்பட்டது. 2020 டிசம்பர் 31-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2018-லேயே இதை உணர்ந்து சில தன்னார்வக்காரர்கள் 'ஃப்ளாஷ்பாயின்ட்' என்ற பெயரில் சேகரிக்கத் தொடங்கி ஒரு லட்சத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். பழைய சிறுபத்திரிகை இதழைத் தேடி எழுத்தாளர் வீட்டுப் பரணில் ஏறியவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். ஒரு வித்தியாசம்: செல்லரித்த தாளிலும் கவிதையைப் படித்துவிடலாம், ஓடாத விளையாட்டில் படிக்க எதுவுமில்லை. விதி இயங்கினால்தான் உண்டு.

ஆகவே விமர்சகனுக்கு இங்கு வேலை இருக்கிறது. படம் அழகா, கதை உருக்கமா என்று எழுதுவது மதிப்புரை. இந்த விதி ஆடுகிறவனை என்ன செய்யவைக்கிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது, அதன் மூலம் உலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று எழுதினால்தான் விமர்சனம். அப்படி எழுதிவைத்த குறிப்பு, எந்திரம் போன பிறகும் அந்த விளையாட்டின் உருவத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றும். மேகியின் இரண்டாவது விதித்தொகுதி இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அது எழுதப்பட்டிருந்ததால்தான்.

மேகி 1948-ல் இறந்தார். அதற்கு எட்டாண்டு முன்பு, 1940-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தொழில் என்ற இடத்தில் அவர் குறித்தது: விளையாட்டுகள் செய்பவர். வருமானம் என்ற இடத்தில்: 0.